மாடு குடித்த ஏரி

அந்த அம்மாள் ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்குத் தப்பான பதிலைச் சொல்லிக்கொடுத்து, அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். தெரியாமல் செய்யவில்லை. மேலிருந்து யாரும் உத்தரவு போடவுமில்லை. அவரே யோசித்து, அவரே ஆளைப் பொறுக்கி எடுத்துச் செய்தார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா. அவரிடம் படித்து ஆசிரியைகளானவர்கள் சேர்ந்து எடுக்கிறார்கள். அதற்கு ஒரு விழா மலர் போடுகிறார்கள். என்னோடு ஆசிரியர் பயிற்சி முடித்த தோழி ஒருத்தி இதற்காக நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கே தேடி வந்தாள்.

"மேடத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுடி. நீதான் சின்ன வயசிலேர்ந்து அவங்கள பார்த்தவ."

"எழுதினா போடுவீங்களா?"

"ஏன் போடாம?"

"எது எழுதினாலும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லதா எழுதுடி, அடிப்பாவி. ஓய்வு பெற்றுப் போறாங்க."

நல்லதையும் எழுதுகிறேன். ஆனால் வரிசையை நான்தான் முடிவு செய்வேன். மலரில் போடாவிட்டால் வேறு எங்காவது போடச் சொல்லி அனுப்புவேன். பெயர் எழுதவில்லை. அவரிடம் படித்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை, "கண்ணு" என்றால் போதும். எல்லாரையும் அவர் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் கண்ணுதான், இருபது வயதுப் பயிற்சி மாணவியும் கண்ணுதான். ஒரு நாளும் யாரையும் அடித்ததில்லை. குரலை உயர்த்தியதில்லை. அதனால்தான் அவர் செய்தது என்ன என்று எங்களுக்குப் புரிய இத்தனை வருஷம் ஆனது.

ஆவடிப் பக்கம் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. அதோடு ஒட்டினாற்போல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு மாதிரிப் பள்ளி. நான் எண்பதுகளில் அந்த மாதிரிப் பள்ளியில் படித்தேன். அப்பா திருநெல்வேலியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் என்னைப்போலக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். மீதிப் பாதி பருத்திப்பட்டு போன்ற சுற்று ஊர்களிலிருந்து வருகிறவர்கள், நிலம் வைத்திருந்து பிறகு கூலிக்கும் கம்பெனிக்கும் போக ஆரம்பித்த வீட்டுப் பிள்ளைகள்.

மாதிரிப் பள்ளி என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்கு உயிருள்ள பிள்ளைகள் வேண்டுமே, அதற்கு நாங்கள். தையல் படிக்கிறவர்களுக்குத் துண்டுத்துணி கொடுப்பார்களே, அதுபோல. வருஷம் முழுக்கப் பயிற்சி டீச்சர்கள் சுருட்டிய கரும்பலகையும் படம் வரைந்த அட்டைகளுமாக வந்து நிற்பார்கள். வருஷக் கடைசியில் செய்முறைத் தேர்வு. இரண்டு தேர்வாளர்கள் வகுப்பின் கடைசியில் உட்காருவார்கள். ஒருவர் வெளியூரிலிருந்து வருகிறவர். இன்னொருவர் உள் தேர்வாளர், அது எப்போதும் இந்த அம்மாள்தான். பயிற்சி டீச்சர் எங்களுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும். அதைப் பார்த்து மார்க் போடுவார்கள். இதில் தோற்றால் எழுத்துத் தேர்வில் என்ன வாங்கியிருந்தாலும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய முடியாது. பதிவு ஒரு வருஷம் தள்ளிப்போனால் உங்களுக்கு முன்னால் ஒரு ஊர் ஜனமே போய் நின்றுவிடும்.

அந்தப் பாடத்துக்கு ஒரு வரிசை உண்டு. ஊக்குவித்தல், தலைப்பு அறிவித்தல், பாட வளர்ச்சி, தொகுத்துச் சொல்லுதல், மதிப்பிடுதல். டீச்சர் தலைப்பைத் தானாகச் சொல்லக்கூடாது. கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். அதுவரை கரும்பலகையில் தலைப்புக்கான இடம் காலியாக இருக்கும். நல்ல முறைதான், நான் குறை சொல்லவில்லை. குறை என்னவென்றால் அந்தப் பாடங்கள் எங்களுக்கு எல்லாம் மனப்பாடம். நுரையீரல் படத்தை எத்தனை டீச்சர்கள் விரித்து நாங்கள் பார்த்தோம் என்று கணக்கே இல்லை. ஒரு டீச்சர் உள்ளே நுழைந்து, "குழந்தைகளே, நாம் எதன் மூலம்..." என்று தொடங்கினாலே பின் பெஞ்சிலிருந்து "மூச்சு மண்டலம் டீச்சர்" என்று குரல் வந்துவிடும். தேர்வில் அப்படி வந்தால் வரிசை போச்சு.

இந்த இடத்தில்தான் அந்த அம்மாள் வருகிறார்.

தேர்வுக்கு முந்தைய வாரங்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு ஒத்திகை. பயிற்சி டீச்சர்களுக்கு இல்லை, எங்களுக்கு. எங்களை உட்காரவைத்துச் சொல்வார்.

"தெரியாதுங்கறதும் ஒரு ஒழுக்கம், கண்ணுங்களா. தெரிஞ்சதெல்லாம் வெளியில கொட்டக்கூடாது. டீச்சர் கேட்கிறப்ப முகம் எப்படி இருக்கணும்? சும்மா இருக்கணும். இப்பத்தான் முதல்முதல்ல கேட்கிற மாதிரி."

ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வருவார். நன்றாக விழிப்பவனுக்கு ஓர் ஆரஞ்சு மிட்டாய். படத்தை விரிக்கும்போது "ஆ" என்று சொல்ல வேண்டும், அதற்கும் ஒத்திகை. ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து பெரிதாகச் சொல்லிவிட்டோம்.

"சினிமாக் கொட்டகையா இது? ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க. முதல்ல ஜன்னல் ஓரம். அப்புறம் நடுவுல. கடைசி பெஞ்சுக்குப் படம் தெரிய நேரம் ஆகுமில்ல?"

கடைசி பெஞ்சில் ஒரு பையன் கேட்டான், "மேடம், எனுக்கு நெஜமாவே தெரில. நான் இப்பவே ஆ சொல்லலாமா?"

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவன் கேட்டதுதான் அந்த அறையில் யாரும் கேட்ட ஒரே நியாயமான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மிட்டாய் கொடுத்தார்.

நான் வீட்டுக்கு வந்து விழிக்கிற முகத்தை அப்பாவுக்குச் செய்து காட்டினேன். அப்பா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏட்டி, தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொல்லுததுக்கா உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்புதேன்?"

அம்மா, "அவுக பெரிய படிப்பு படிச்சவுக, அவுகளுக்குத் தெரியாதா" என்றாள். அப்பாவும் அதோடு விட்டுவிட்டார். படித்தவர்கள் செய்தால் சரியாக இருக்கும் என்று விட்டுவிடுவது எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லா அப்பாக்களுக்கும் பழக்கம்.

அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். எங்களுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் ஒதுக்கியபோது அதை அவரிடம் சொல்ல அம்மா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். காலையிலேயே நான் அவரிடம் சொல்லியாயிற்று. அவர் முழுக்கக் கேட்டார். "அப்படியா? எப்ப? எந்தப் பக்கம்?" என்று புருவத்தைத் தூக்கி, கையைக் கன்னத்தில் வைத்து, முதல்முதலாகக் கேட்பதுபோலவே கேட்டார். அம்மா பூரித்துப்போய், "எவ்ளோ பொறுமையாக் கேட்டாக பாரு" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு என்னவோபோல் இருந்தது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முகம் அது. எங்களைவிட நன்றாகச் செய்தார்.

நல்லதைச் சொல்கிறேன் என்றேனே. மழையில் சாலை முழுக்கத் தண்ணீர் நின்ற ஒரு சமயம், ஒரு பயிற்சி மாணவிக்கு ஹால் டிக்கெட்டைக் கொடுக்கப் புடவையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவள் வீடு வரை நடந்து போனவர் அவர். சாப்பாடு கொண்டுவராத பிள்ளைக்குத் தன் டப்பாவைத் திறந்து பாதியைத் தள்ளிவிடுவார். என் பெஞ்சில் உட்கார்ந்த கன்னியம்மாவின் தலையில் பேன் என்று மற்றப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தபோது, தன் சீப்பால் வாரி ரிப்பன் கட்டிவிட்டவர் அவர். எல்லாம் உண்மை. கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கன்னியம்மா பருத்திப்பட்டுக்காரி, வீடு ஏரிக்கரையில். அவள் அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது, அது போதாமல் பாடியில் லாரிக்கு லோடு ஏற்றப் போவார். அவளுக்குத்தான் அந்த அம்மாள் தப்புப் பதிலைக் கொடுத்தார்.

எதற்குத் தப்புப் பதில்? ஒரு பிள்ளை தப்பாகச் சொல்லி, டீச்சர் அதைப் பொறுமையாகத் திருத்தினால் வெளியூர்த் தேர்வாளருக்குப் பிடிக்கும். அதற்குத் தனி மார்க். ஆகையால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தப்புப் பதிலை அவரே தயாரித்து வைத்திருப்பார். சரியான பதில்களை எங்களுக்குப் பங்கிடுவார். எனக்கு எப்போதும் சரியான பதில். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாருக்குமே சரியான பதில். தப்புப் பதில் மூன்றாம் வகுப்பிலும் கன்னியம்மாவுக்கு, நான்காம் வகுப்பிலும் கன்னியம்மாவுக்கு. "நீ சொன்னாத்தான் கண்ணு இயற்கையா இருக்கு" என்பார். அது பாராட்டு என்று அவள் நினைத்தாள். நாங்களும் நினைத்தோம். சிலசமயம் பொறாமைகூடப் பட்டோம், அவளுக்கு இரண்டு மிட்டாய் கிடைக்குமே.

நான்காம் வகுப்பில் கஸ்தூரி டீச்சர் வந்தார்கள். பயிற்சி மாணவிதான், நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லி வந்து, அங்கே பஸ் மாறி வருவார்கள். முந்தைய வருஷம் தேர்வு நேரத்தில் அம்மை போட்டுவிட்டது. இது இரண்டாவது தடவை. சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எங்களோடு நிற்பார்கள். ஒரு நாள் கன்னியம்மா நேராகக் கேட்டுவிட்டாள்.

"இன்னா டீச்சர், நீ எப்பப் பார்த்தாலும் பயந்துகினே கீற?"

"பாஸாகணுமே, அதான்."

"ஆவலன்னா?"

"எங்கண்ணன்தான் லாரி ஓட்டிப் படிக்கவைக்குது. இந்த வாட்டி சர்டிபிகேட் வாங்கலன்னா அம்பத்தூர் எஸ்டேட்ல துணிக் கம்பெனிக்குப் போகச் சொல்லிட்டுது. அதுவும் எத்தினி நாளுக்குச் செய்யும்?"

"கம்பெனில டீ தருவாங்க டீச்சர்."

"உனக்கு டீதான் பெருசு" என்று அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார்கள். பிறகு கேட்டார்கள், "ஏண்டி, நேத்து கூட்டலைத் தப்பாச் சொன்னே? ஸ்லேட்ல சரியாத்தானே போட்டிருந்தே?"

"எனுக்கு அதத்தான் குடுத்துக்கீறாங்க."

கஸ்தூரி டீச்சர் மறுநாளிலிருந்து பஸ் வரும்வரை அவளிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். வகுப்புக் கேள்வி இல்லை. உங்க ஏரியில் என்ன மீன், மதகை யார் திறப்பது, எந்த மாசம் சேறு தெரியும், இப்படி. கன்னியம்மா பேசினால் நிறுத்தமாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் தெரியாது.

செய்முறைத் தேர்வில் கஸ்தூரி டீச்சருக்கு விழுந்த பாடம் நீர் ஆவியாதல். ஒத்திகையில் அம்மாள் பங்கு பிரித்தார். "கோடையில் ஏரித் தண்ணீர் எங்கே போகிறது?" என்று டீச்சர் கேட்க வேண்டும். கன்னியம்மா எழுந்து "மாடு குடிச்சிடும் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். டீச்சர் சிரிக்காமல், "மாடு வராத நம் வகுப்பில் வைத்த தண்ணீரும் குறைகிறதே, அது எப்படி?" என்று கேட்டு, ஸ்டவ்வைப் பற்றவைத்து, கிண்ணத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டி, அதன் பிறகு தலைப்பை வரவழைக்க வேண்டும். மொத்தப் பாடமும் அந்த மாட்டின் மேல் நின்றது.

ஏரிக்கரைப் பெண்ணிடம், ஏரித் தண்ணீரை மாடு குடித்துவிடும் என்று சொல்லச் சொன்னார்கள். எங்களுக்கு அப்போது அதில் எதுவும் உறுத்தவில்லை.

தேர்வு அன்று காலை குழாயடியில் கை கழுவும்போது கன்னியம்மா என்னிடம் கேட்டாள். "நான் தப்பா சொல்றதுனாலதானே டீச்சருங்கோ எல்லாம் பயந்துகினு நிக்கிறாங்கோ?"

"தெரியலையே."

"சரியா சொன்னா மார்க்கு ஜாஸ்திதானே போடுவாங்க?"

"ஆமா" என்றேன். எந்த ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அதற்கு ஆமாம் என்றுதான் சொல்லும். இதை நான் குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எழுதவில்லை. கன்னியம்மா கேட்டதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம். பள்ளிக்கூடம் என்றால் சரியான பதிலுக்கு மார்க் உண்டு என்று இரண்டு சிறுமிகள் நம்பினார்கள். அவ்வளவுதான் நாங்கள் செய்த தப்பு.

கஸ்தூரி டீச்சர் கேட்டார்கள். "கோடையில் ஏரித் தண்ணீர் எங்கே போகிறது?"

கன்னியம்மா எழுந்தாள். "வெயிலு இஸ்துகினு பூடும் டீச்சர். ஆவியா மேல பூடும்."

டீச்சரின் கை ஸ்டவ் மேல் இருந்தது. அந்தக் கையை எடுத்துவிட்டார்கள். கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை. கன்னியம்மாவைத்தான் பார்த்தார்கள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள்.

அது பாடக்குறிப்பில் இல்லாத கேள்வி.

"மழை பெஞ்சி நிக்கிற பள்ளத்துல மாடு வாய வைக்காது டீச்சர், சாக்கடத் தண்ணி. அதுவும்தான் காஞ்சி பூடுது. எங்கப்பா ஈரத் துண்ட வேலி மேல போடுவாரு, மத்தியானத்துக்குள்ளாற காஞ்சிடும். அந்தத் தண்ணிய யாரு குடிச்சா?"

கடைசி பெஞ்சுப் பையன், "அப்ப ராத்திரில ஏன் காயல?" என்றான். "காயும், லேட்டாவும்" என்றாள் கன்னியம்மா. இன்னொருத்தி, காற்று அடித்தால் சீக்கிரம் காய்கிறதே என்றாள். நான்கூட எனக்குக் கொடுக்காத ஒரு கேள்வியைக் கேட்டேன். மேலே போன தண்ணீர் அங்கேயே இருந்தால் கனமாகிவிடாதா என்று. வகுப்பே ஒன்றோடொன்று பேசியது. கஸ்தூரி டீச்சர் நடுவில் நின்று ஒருவர் பேச்சை எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த அம்மாள் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பி டீச்சருக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்.

மணி அடித்தது. தொகுத்துச் சொல்லவில்லை, மதிப்பீட்டுக் கேள்வி கேட்கவில்லை, ஸ்டவ்வைப் பற்றவைக்கவே இல்லை. கரும்பலகையில் தலைப்புக்கான இடம் காலியாகவே இருந்தது. மாதிரிப் பள்ளியில் நான் படித்த காலத்தில் எனக்கு உண்மையாக நடந்த பாடம் அது ஒன்றுதான்.

மதியம் சுருள் பலகையைத் திருப்பிக் கொடுக்க நான் அவர் அறைக்குப் போனேன். கன்னியம்மா அங்கே நின்றிருந்தாள். அவர் அவளைப் பக்கத்தில் இழுத்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டார். கோபமே இல்லை.

"கண்ணு, நீ சரியாச் சொன்னதால அந்த அக்கா ஃபெயில் ஆயிடுவா. பாவம் இல்ல? பரவாயில்ல, உனக்குத் தெரியாதில்ல. இனிமே அப்படிச் சொல்லாத, என்ன?"

மிட்டாயும் கொடுத்தார். கன்னியம்மா அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். வெளியே வந்தும் வாயில் போடவில்லை. பஸ் நிறுத்தத்தில் கஸ்தூரி டீச்சர் நின்றிருந்ததைப் பார்த்துவிட்டு, வேறு வழியாக ஏரிக்கரையில் ஓடிவிட்டாள்.

தேர்வு முடிவு வந்தது. அவர் சொன்னபடியே.

ஐந்தாம் வகுப்பில் கன்னியம்மாவை எந்த டீச்சர் எது கேட்டாலும் எழுந்து நிற்பாள், வாயைத் திறக்கமாட்டாள். தப்பும் சொல்லமாட்டாள், சரியும் சொல்லமாட்டாள். "மக்கு" என்று ஒரு டீச்சர் எழுதியே வைத்தார். ஐந்தாவதோடு அவள் படிப்பு நின்றது.

தொண்ணூறுகளில் நானும் அதே பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அவர் அங்கேதான் இருந்தார், அதே கைக்கடிகாரத்துடன். ஒரு நாள் வகுப்பில் செய்முறைத் தேர்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் சிரித்தபடி ஒரு கதை சொன்னார்.

"ஒரு பொண்ணு இருந்தா. கஷ்டப்பட்டு நான் மாட்டை ஏற்பாடு பண்ணிக் குடுத்தா, சின்னப் பிள்ளை ஒண்ணு ஆவின்னு சொல்லிட்டுது. இவ மாட்டையும் விட்டா, அடுப்பையும் விட்டா. குழந்தைங்களோட கதை பேசிட்டு நிக்கிறா. வெளியிலிருந்து வந்தவரு பாஸ் போடலாம்னு சொன்னாரு. நான்தான் விடல. இன்னிக்கு இவளை விட்டா நாளைக்கு யாரு வரிசையா நடத்துவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன்.

"மேடம், அந்தப் பிள்ளை சொன்ன பதில் சரிதானே?"

என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. ஆனாலும் முதல்முதலாகக் கேட்கிற முகத்தைத்தான் வைத்துக்கொண்டார்.

"பதில் சரி, கண்ணு. பாடம் தப்பு. உட்காரு."

நான் உட்காரவில்லை. "சரின்னா அதை அவகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"அவ எங்க இருக்காளோ" என்றார்.

பருத்திப்பட்டில் இருக்கிறாள். அந்தக் கட்டடத்திலிருந்து நடந்தே போகலாம்.

என் செய்முறைத் தேர்வில் தப்புப் பதிலுக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாஸ் எல்லையை ஒட்டிய மார்க்தான் போட்டார், ஆனால் பாஸ் போட்டார். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நன்றி சொல்லப் போவதில்லை.

கஸ்தூரி டீச்சரை ஒரு தடவை பஸ்ஸில் பார்த்தேன். பாடியில் ஷிஃப்ட் விடுகிற நேரம், கூட்டம். துணிக் கம்பெனியில் சூப்பர்வைசராம். நான் டீச்சர் என்று கூப்பிட்டதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யாரைக் கூப்பிடற?" என்றார்கள். அடையாளம் சொன்னேன். உடனே கேட்டார்கள், "அந்த ஏரிக்கரைப் பொண்ணு என்ன பண்ணுது?"

சொன்னேன். அந்த அறையில் கன்னியம்மாவிடம் அம்மாள் சொன்னதையும் சொன்னேன். அதுவரை அவர்களுக்கு அது தெரியாது. கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"என் சர்டிபிகேட் போனா போகட்டும். எங்கண்ணனுக்கும் எனக்கும் உள்ள வழக்கு அது. அந்தப் பொண்ணு தலையில எதுக்கு வெச்சாங்க?" இறங்கும்போது என் தோளைத் தொட்டு, "சரியாத்தான் சொன்னான்னு சொல்லிடு" என்றார்கள்.

நான் போய்ச் சொன்னேன். கன்னியம்மா சிரித்தாள். "நீ சொல்றே. மேடம் அப்படிச் சொல்லலையே" என்றாள். போன ஜூனில் தன் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க என் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். தலைமையாசிரியை, "பையன் எந்த மாசம் பிறந்தான்?" என்று கேட்டார். இவளுக்குத் தெரியும். வருகிற வழியில் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். எழுந்து நின்று, "தெரியாதுங்க" என்றாள். முகம் சும்மா இருந்தது. முதல்முதலாகக் கேட்பதுபோல. அந்த முகத்தை நான் ஆயிரம் பேர் நடுவில் வைத்தாலும் அடையாளம் காட்டுவேன். அதைச் செய்தவர் யார் என்றும் காட்டுவேன்.

இப்போது வேலையில் இருக்கிற ஆசிரியர்களுக்கும் ஒரே மாதிரித் தேர்வு வைக்க வேண்டும் என்று பேச்சு நடக்கிறதாம். அதை எப்படி நடத்துவது என்று சொல்லும் குழுவில், ஓய்வு பெற்ற பிறகு இந்த அம்மாளைப் போடப் போகிறார்கள் என்று மலருக்கு எழுதச் சொல்ல வந்த தோழி பெருமையாகச் சொன்னாள். தேர்வு வைக்கட்டும், எனக்குப் பயமில்லை. வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும். யாரைப் பார்ப்பார்கள் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கடைசி பெஞ்சில் இத்தனை வருஷம் உட்கார்ந்து அவர் ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். வரிசை கெடாமல் இருக்க எந்தப் பிள்ளை மக்காக இருக்க வேண்டும் என்று மட்டும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு நான் வருகிறேன். கன்னியம்மாவையும் கூட்டி வருகிறேன்.

"நான் இன்னாத்துக்குடி? எனுக்கு அங்க இன்னா தெரியும்?" என்றாள்.

"சும்மா வா."

"பிரியாணி கீதா?"

"இருக்கும்."

"அப்ப வர்றேன். ஆனா என்னை ஒண்ணியும் கேக்கக்கூடாது."

அவளை யாரும் எதுவும் கேட்க வேண்டாம். மேடம், அவள் முன் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், மடியில் ஒரு பையன் இருப்பான். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, எல்லாரும் பேசி முடித்து, கடைசியில் உங்கள் கையில் ஒலிபெருக்கியைக் கொடுப்பார்கள். ஏற்புரையில் யாருக்கு வேண்டுமானாலும் நன்றி சொல்லுங்கள். அதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லுங்கள். கோடையில் ஏரித் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டதற்கு அவள் சொன்னது சரியா, தப்பா? கஸ்தூரியை ஃபெயிலாக்கியது அவளா, நீங்களா? என் காதில் சொல்ல வேண்டாம், வகுப்பறைக்குள் சொன்னதும் போதாது. மண்டபம் முழுக்கக் கேட்க, அவளைப் பார்த்துச் சொல்லுங்கள். தெரியாத முகத்தை மட்டும் காட்டாதீர்கள். அது உங்களுக்கு வராது என்று இல்லை. அதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான்.